எழுநூறு டாலர் ஏஆர் ராக்கி மலைக்கு ஆகுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த கேள்வி இது: "அண்ணாச்சி, என் தம்பி டென்வரில் எச்-1பி விசாவில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கிறவர்களோடு அக்டோபரில் ராக்கி மலைக்கு மான் வேட்டைக்குப் போக வேண்டுமாம். எழுநூறு எண்ணூறு டாலருக்குள் உதிரி பாகங்கள் வாங்கி, ஏஆர்-15 மாதிரி செமி ஆட்டோமேட்டிக் (விசையை இழுக்கும்தோறும் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுகிற) துப்பாக்கி ஒன்று சேர்க்கப் போகிறேன் என்கிறான். மலைக்கு அது சரிப்படுமா? ஊருக்குத் திரும்பும்போது அதைக் கொண்டுவந்தால் நம் வாழைத் தோட்டத்துப் பன்றிக்கு ஆகுமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் 'ஆகாது'. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில், அவர் எந்தத் தோட்டாவுக்குக் கட்டப்போகிறார் என்பதைப் பொறுத்தது. எல்லாரும் கட்டுகிற 5.56 தோட்டாவுக்கு என்றால் ஆகாது, கொலராடோ சட்டமே விடாது. 6.5 கிரெண்டல் தோட்டாவுக்கு, எடையைப் பார்த்துப் பார்த்துக் கட்டினால், 250 கெஜத்துக்குள் மியூல் மானுக்கு ஆகும். எல்க் எனும் பெரிய மானுக்கு என்றால் நான் வேண்டாம் என்பேன். ஏஆர்-10 எனும் பெரிய உடம்பில் மலிவாக .308 கட்டுவது மலைக்கு இருப்பதிலேயே மோசமான தேர்வு. அதே பணத்தில், சொல்லப்போனால் அதைவிடக் குறைந்த பணத்தில், கடையில் கிடைக்கிற, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுகிற சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

ஆனால் துப்பாக்கியைப் பற்றிப் பேசுமுன் விசாவைப் பேச வேண்டும். இது தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வாங்குவது மட்டுமில்லை, நண்பரிடம் இரவல் வாங்கிக் கையில் வைத்திருப்பதும், சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும் இதில் அடங்கும். விதிவிலக்குகள் சில உண்டு. அதில் சாதாரண ஆளுக்குப் பொருந்துவது ஒன்றுதான்: அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். உரிமம் வருடா வருடம் முடிந்துபோகும். துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தால், அந்த நாளிலிருந்து அவர் குற்றவாளி. வழக்கு வந்தால் விசாவும் கிரீன் கார்டும் ஆட்டம் காணும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி (1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் கொலராடோவில் அது கட்டாயம்), அடுத்து வேட்டை உரிமம், அதன் பிறகுதான் துப்பாக்கிக் கடை. இடையில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டால், அந்தக் கட்டணம் வீண்போகாது.

இன்னொரு தேதியும் முக்கியம். கொலராடோவில் மியூல் மானுக்குக் கடையில் போய் உரிமம் வாங்க முடியாது, குலுக்கல்தான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி வரும். அக்டோபரில் மலைக்குப் போக நினைக்கிறவர் பங்குனியிலேயே முடிவெடுத்திருக்க வேண்டும்.

துப்பாக்கி விஷயத்தில் கொலராடோ விதி தெளிவானது. பெரிய விலங்குகளுக்குக் குண்டின் விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 5.56-ன் குண்டு .224 அங்குலம், அங்கேயே கதை முடிந்தது. பேரல் (குண்டு போகிற குழல்) குறைந்தது 16 அங்குலம். குண்டு உடலுக்குள் விரிகிற வகையாக இருக்க வேண்டும். குண்டின் எடை, கிரெய்ன் எனும் சிறு எடை அளவில், மானுக்கு 70, எல்க்குக்கு 85 குறைந்தபட்சம். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். செமி ஆட்டோ என்றால் சேம்பரும் (தோட்டா வெடிக்கிற அறை) மேகசினும் (தோட்டாப் பெட்டி) சேர்த்து மொத்தம் 6 தோட்டாதான். ஏஆர்-10-க்கு வழக்கமான 20 தோட்டா மேகசின் ஆகாது, 5 தோட்டா மேகசின் தனியாக வாங்க வேண்டும். 15 தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசினை விற்பதற்கே 2013 முதல் அந்த மாநிலத்தில் தடை. 2025-ல் கையெழுத்தான இன்னொரு சட்டம், கழற்றி மாட்டுகிற மேகசின் உள்ள செமி ஆட்டோ ரைஃபிள்களை வாங்க 2026 ஆகஸ்ட் 1 முதல் ஷெரிஃபிடம் (மாவட்டக் காவல் தலைவர்) தகுதி அட்டையும் பயிற்சிச் சான்றும் கேட்கிறது. போல்ட் ஆக்‌ஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பென்சில்வேனியா மாதிரி மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனாலோ, செமி ஆட்டோ ரைஃபிளை மான் வேட்டைக்கு எடுக்கவே முடியாது.

சட்டரீதியாக 'துப்பாக்கி' என்பது விசை உட்காருகிற அடிப்பகுதியான, எண் பொறித்த லோயர் ரிசீவர் மட்டுந்தான். அதை உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் வாங்க வேண்டும். மற்ற பாகங்கள் தபாலில் வரும். எண் இல்லாத, பாதி கடைந்த லோயரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது. கொலராடோ 2024 முதல் அதைத் தடை செய்திருக்கிறது.

இப்போது எடை. மலை வேட்டையில் பாதிச் சங்கதி இதுதான்.

நம்மூர்க்காரருக்குப் புரியும்படி உயரத்தைச் சொல்கிறேன். பொதிகையில் அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். டென்வர் ஊரே 1,609 மீட்டரில் இருக்கிறது. உங்கள் தம்பி வீட்டு வாசலுக்கும் அகத்தியர் உச்சிக்கும் 260 மீட்டர்தான் வித்தியாசம். அவர்கள் மான் தேடிப் போகிற இடமோ 2,500-லிருந்து 3,500 மீட்டர், தொட்டபெட்டாவையும் தாண்டி. அங்கே காற்று மெலிந்திருக்கும். நாற்பது அடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அந்த இடத்தில் தோளில் தொங்குவது நாலு கிலோவா ஐந்தரைக் கிலோவா என்பது, மான் தெரிகிற நேரத்தில் கை நடுங்குகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

கணக்கைப் பார்ப்போம். மலிவு ஏஆர்-10, 20 அங்குலக் கனத்த பேரலோடு, வெறுமனே 4 கிலோவுக்குக் குறையாது. ஸ்கோப்பும் அதன் மவுண்டும் 650 கிராம். தோட்டா போட்ட மேகசின் 300, தோள்வார் 200, ஆசைக்கு ஒரு பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) மாட்டினால் 400. ஐந்தரைக் கிலோ ஆயிற்று. 18 அங்குல மெல்லிய பேரலோடு கிரெண்டல் ஏஆர்-15 என்றால் வெறும் துப்பாக்கி 3 கிலோவை ஒட்டி நிற்கும், எல்லாம் மாட்டி 4 கிலோ சொச்சம். சாதாரண .308 போல்ட் ஆக்‌ஷன் 2.8-லிருந்து 3 கிலோ, ஸ்கோப்பும் வாரும் சேர்ந்து 3.6, 3.7. ஆகக் கிரெண்டலுக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கும் அரைக் கிலோதான் வித்தியாசம், அது தாங்கும். ஏஆர்-10-க்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ, அது தாங்காது. நம்பாவிட்டால் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு பண்பொழி திருமலைக்கோவில் படியை ஒரு மூச்சு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். கோவில் வாசலில் நின்று ஊசியில் நூல் கோர்க்க முடிந்தால் ஏஆர்-10 வாங்கலாம்.

போகும்போது இருக்கிற சுமை திரும்பும்போது கூடிவிடும் என்பதையும் யோசிக்க வேண்டும். எல்க் கிடா 300 கிலோவைத் தாண்டும். அதை மலையில் வைத்தே நாலு கால் பாகமாக வெட்டி, எலும்போடு ஒரு பின்தொடை முப்பது கிலோ அளவில், முதுகில் சுமந்து மூன்று நாலு நடை நடக்க வேண்டும். அந்த நடையிலெல்லாம் துப்பாக்கியும் கூடவே வரும். கனத்த பேரலும், துணைக்கருவி மாட்டுகிற நீளமான ரெயிலும் அப்போதுதான் உண்மையான விலையைக் காட்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எடையைக் கூட்டிக்கொள்கிற இடங்கள் எப்போதும் அதேதான். 'துல்லியம் வேண்டும்' என்று கனத்த பேரல். சுடுதளத்தில் இருபது முப்பது தோட்டா தொடர்ந்து சுடுகிறவருக்கு அது சரி, பேரல் சூடேறி குண்டு தள்ளிப் போகாது. வேட்டையில் சுடுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குளிர்ந்த பேரலிலிருந்து போகிற முதல் குண்டு எங்கே படுகிறது என்பதுதான் கணக்கு. மெல்லிய பேரலே போதும். அடுத்தது 15 அங்குல ஹேண்ட்கார்ட் (பேரலைச் சுற்றிய கைப்பிடி உறை), சுற்றிலும் ரெயில் பற்கள். எடையும் கூடும், குளிரில் வெறுங்கை பட்டால் சுரீர் என்கும், புதரில் வார் சிக்கும். 12, 13 அங்குல வழவழப்பான ஹேண்ட்கார்ட் போதும். மூன்றாவது ஸ்கோப். 5-25 மடங்கு, 56 மில்லிமீட்டர் கண்ணாடி என்று ஒரு கிலோ எடையுள்ள ஸ்கோப்பைத் தூக்கி வைப்பார்கள். 250 கெஜத்தில் மான் சுட 3-9 மடங்கு, 40 மில்லிமீட்டர் ஸ்கோப் தாராளம். எடை 350-லிருந்து 450 கிராம்.

தோட்டாவுக்கு வருவோம். ஏஆர்-15 உடம்பில் அடங்கி, கொலராடோ விதியையும் தாண்டுகிற தோட்டாக்களில் மலைக்கு லாயக்கானவை 6.5 கிரெண்டலும் 6 மில்லிமீட்டர் ஏஆர்சியும். .350 லெஜெண்டும் .300 பிளாக்அவுட்டும் சமவெளியில், நூறு நூற்றைம்பது கெஜத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சுடுகிறவர்களுக்கானவை. அவற்றின் குண்டு தூரம் போகப் போகச் சட்டென்று இறங்கிவிடும். 18 அங்குல பேரலிலிருந்து கிரெண்டலின் 123 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,450 அடி அளவில் கிளம்பும். 300 கெஜத்தில் மிஞ்சுகிற ஆற்றல் சுமார் 1,000 அடி-பவுண்டு. மியூல் மானுக்கு அது விளிம்பு. அதனால்தான் 250 கெஜம் என்று கோடு போடுகிறேன். எல்க்குக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் தடித்த தோள் எலும்பும் கனத்த உடம்பும் உள்ள விலங்கை அரைகுறையாகக் காயப்படுத்தி இருட்டில் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடுவதற்கு என்னால் ஆமோதிக்க முடியாது. .308-ல் 165 கிரெய்ன் குண்டு 300 கெஜத்திலும் சுமார் 1,600 அடி-பவுண்டோடு போய்ச் சேரும். எல்க் மனதில் இருந்தால் .308 போல்ட் ஆக்‌ஷன், அவ்வளவுதான்.

செமி ஆட்டோவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கிரெண்டல் ஏஆர் தோளில் உதைப்பது மிகக் குறைவு. புதிதாகச் சுடுகிறவர் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பார். மூன்று கிலோ .308 போல்ட் ஆக்‌ஷனில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம். முதல் குண்டு தவறினால் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டாவதைச் சுடலாம் என்பதும் உண்மை. அதை நம்பி முதல் குண்டை அவசரப்படுவதும் அதே அளவு உண்மை.

பட்ஜெட்டில் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது? ஸ்டாக் (தோளில் முட்டுகிற கட்டை), கைப்பிடி, லோயர் இவற்றில் மிச்சம் பிடிக்கலாம். பேரல், போல்ட் (தோட்டாவின் பின்புறத்தைப் பூட்டுகிற பாகம்), ட்ரிகர் இந்த மூன்றிலும் கூடாது. கிரெண்டலில் ஒரு பொறி இருக்கிறது. அதன் தோட்டா அடிப்பாகம் 5.56-ஐவிட அகலம், அதனால் போல்ட்டின் முகமும் வேறு. அந்த முகத்தின் ஆழம் 0.125 அங்குலம், 0.136 அங்குலம் என்று இரண்டு வகையாக விற்கிறது. ஒரு வகைப் பேரலுக்கு மற்ற வகை போல்ட்டைப் போட்டால், தோட்டா உட்கார வேண்டிய இடைவெளி தப்பிவிடும். ஒரு பக்கம் தப்பினால் போல்ட் பூட்டாது, மறு பக்கம் தப்பினால் தோட்டா ஓடு பின்னால் நீண்டு கிழியும், அது முகத்துக்கு நேராக நடக்கிற காரியம். பேரலையும் போல்ட்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஜோடியாக வாங்கிவிட்டு, துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ் எனும் அந்த இடைவெளியின் அளவு பார்க்கச் சொல்லவும். போல்ட்டின் முகம் அகலம் என்பதால் சுற்றியுள்ள உலோகம் மெலிந்திருக்கும், மலிவு போல்ட் விரிசல் விடுவதும் இங்கேதான். மேகசினும் கிரெண்டலுக்கு என்றே தனியாக வாங்க வேண்டும், 5.56 மேகசினில் போட்டால் தோட்டா மூக்கு முட்டி நிற்கும்.

ஏஆர்-10-ல் இன்னொரு குழப்பம். ஏஆர்-15 பாகங்கள் ராணுவ அளவுப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும். ஏஆர்-10-க்கு அப்படி ஒரே அளவு கிடையாது. டிபிஎம்எஸ், ஆர்மலைட் எனும் கம்பெனிகளின் பெயரில் இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் ரெயில் உயரம் வேறு. ஒருவரிடம் அப்பர் (மேல்பகுதி), இன்னொருவரிடம் ஹேண்ட்கார்ட் என்று தள்ளுபடியில் பொறுக்குகிறவர், பாதி பாகங்களைத் திருப்பி அனுப்புகிற தபால் செலவிலேயே மிச்சம் பிடித்ததை விட்டுவிடுவார்.

ட்ரிகர்: ராணுவ வகை ட்ரிகரை இழுக்க இரண்டரைக் கிலோவுக்கு மேல் பலம் வேண்டும், இழுக்கும்போது நறநறவென்று இருக்கும். நாலு கிலோத் துப்பாக்கியை அசைக்காமல் அதை இழுப்பது லேசில்லை. முதல் நூறு டாலர் மிச்சமானால் அது ட்ரிகருக்குப் போகட்டும்.

சேர்த்து முடித்த மலிவு துப்பாக்கி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் காஸ் பாதைதான். குண்டு பேரலில் போகும்போது ஒரு துளை வழியாகக் கொஞ்சம் காஸ் பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளி, வெற்றுத் தோட்டாக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. பேரல் துளையும் காஸ் பிளாக் துளையும் நேராக இல்லாவிட்டாலும், பிளாக்கின் திருகு தளர்ந்து மயிரிழை நகர்ந்தாலும், செமி ஆட்டோ உடனே ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஆகிவிடும். போல்ட்டைச் சுமக்கிற கேரியர் மேலே இருக்கிற காஸ் கீயின் இரண்டு திருகுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். திருகுத் தலையைச் சுற்றி உலோகத்தை உளியால் அழுத்தி இறுக்கியிருக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் நூறு தோட்டாவுக்குள் தளரும்.

சோதனை எளிது. மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட வேண்டும். சுட்டதும் போல்ட் பின்னால் போய் நிற்க வேண்டும். ஐந்து தடவையும் நின்றால் காஸ் போதுமானது. நிற்காமல் மூடிக்கொண்டால் பற்றவில்லை. வெளியே விழுகிற வெற்றுத் தோட்டாக் கூட்டையும் கவனிக்கலாம். துப்பாக்கி முனையைப் பன்னிரண்டு மணி என்று வைத்தால், மூன்று மணி, நாலு மணித் திசையில் விழுந்தால் நலம். ஒரு மணித் திசையில் முன்னால் பறந்தால் காஸ் அதிகம், போல்ட் அடித்துக்கொண்டு பாகங்கள் தேயும். ஐந்து மணிப் பக்கம் சோர்ந்து விழுந்தால் குறைவு. வெயிலில் பாஸான துப்பாக்கி பனியில் தவறும் என்பதால், அதே சோதனையை ஒரு குளிர் விடியலில் மறுபடியும் செய்ய வேண்டும். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதே தோட்டாவில். மலிவுப் பயிற்சித் தோட்டாவில் ஸ்கோப் சரிபார்த்துவிட்டு வேட்டைத் தோட்டாவை மலையில் முதன்முதலாகத் திறப்பது பரீட்சை எழுதப் போய் வினாத்தாளை மாற்றிக்கொள்வது போல.

மலையில் ஏஆர் காட்டுகிற ஒரு குறும்பைக் கிட்டத்தில் பார்ப்போம். விடியற்காலம், உறைபனி. ஏறுகிற இடம் வழுக்கல் என்பதால் சேம்பர் காலியாக நடக்கிறார், அது சரியான பழக்கம். பாறை மறைவில் எட்டிப் பார்த்தால் 120 கெஜத்தில் மான் மேய்கிறது. தோட்டா ஏற்ற வேண்டும். சார்ஜிங் கைப்பிடியை இழுத்து விட்டால் போல்ட் 'டங்' என்று மோதும், அந்த அமைதியில் அது கோவில் மணி. மான் தலையைத் தூக்கும். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று கைப்பிடியைப் பிடித்து மெல்ல விட்டால், போல்ட் கடைசி அரை அங்குலம் பூட்டாமல் நிற்கும். விசையை இழுத்தால் சுத்தியல் 'டிக்' என்று விழும், வெடிக்காது. மெல்ல விட்ட பிறகு ஃபார்வர்ட் அசிஸ்ட் பொத்தானை உள்ளங்கையால் அழுத்திப் பூட்ட வேண்டும். மலிவு அப்பர் சிலவற்றில் அந்தப் பொத்தானே இருக்காது, வாங்கும்போதே பார்த்து வாங்கவும். இதை வீட்டில் டம்மித் தோட்டாவோடு ஐம்பது தடவை பழகியிருக்க வேண்டும். போல்ட் ஆக்‌ஷனில் இந்த வேலை இரண்டு விரலால் சத்தமில்லாமல் முடியும். கூடவே, சுத்தியல் இறங்கிய நிலையில் ஏஆரின் சேஃப்டி நெம்புகோல் திரும்பாது. 'சேஃப்டி போட்டிருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு நடப்பதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும். வண்டியில் ஏறும்போது சேம்பர் காலியாக இருப்பது சட்டம்.

குளிருக்கு இன்னும் இரண்டு. கெட்டி கிரீஸ் வேண்டாம், அக்டோபர் இரவில் பாகு மாதிரி இறுகும். மெல்லிய சிந்தெடிக் எண்ணெய், துடைத்தெடுத்த மாதிரி ஒரு பூச்சு போதும். இரவில் துப்பாக்கியை அடுப்பெரிகிற கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வியர்ப்பது போல உலோகம் வியர்க்கும், மறுபடி வெளியே போனதும் அந்த ஈரம் போல்ட்டுக்குள்ளேயே உறையும். உறையோடு வெளியே, அல்லது பூட்டிய வண்டிக்குள் இருக்கட்டும்.

சுடுகிற கணக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்தால், கிரெண்டல் குண்டு 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் சொச்சம் மேலே, 300 கெஜத்தில் 9-10 அங்குலம் கீழே படும். 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கால்வாசி குறைவு, அதனால் குண்டு கொஞ்சம் குறைவாகவே இறங்கும். 250 கெஜத்துக்குள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. சரிவு அப்படியில்லை. 30 பாகைச் சரிவில் 300 கெஜம் என்று கருவி காட்டினால், குண்டு இறங்குகிற கணக்குக்கு அது 260 கெஜம்தான். மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் இது ஒன்றுதான், இதை மறந்தால் முதுகுக்கு மேலே போகும். காற்று இன்னும் பெரிய எதிரி. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 300 கெஜத்தில் குண்டை ஏழெட்டு அங்குலம் தள்ளும். ஆரியங்காவுக் கணவாயில் சாரல் காலத்துக் காற்றைப் பார்த்த தென்காசிக்காரருக்கு, மலை இடுக்கில் காற்று எப்படிக் கூடும் என்று பாடம் எடுக்க வேண்டாம். காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும். மானுக்கு மூக்குதான் கண். காலையில் மேலிருந்து போனால் மனித வாடை முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

எவ்வளவு துல்லியம் போதும்? மலிவு ஏஆர் 100 கெஜத்தில் 2 அங்குல வட்டத்துக்குள் போட்டால் நல்லது. 250 கெஜத்தில் அது 5 அங்குலம். மானின் நெஞ்சுப் பகுதி 9-10 அங்குலம் என்பதால் காகிதத்தில் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த 2 அங்குலம் மேஜையில் மணல் மூட்டை வைத்துச் சுட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, சரிவில் உட்கார்ந்து, கோலில் சாய்த்துச் சுட்டால் அது இரட்டிப்பாகும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாதம் நாற்பது தோட்டா, அதில் பாதிக்குமேல் உட்கார்ந்தும் மண்டியிட்டும். பத்துக் குண்டில் ஒன்பது, எட்டு அங்குலத் தட்டில் விழுகிற தூரம் எதுவோ அதுதான் அவருடைய எல்லை. அது 150 கெஜம் என்று வந்தால் 150 கெஜம்தான்.

அதனால் என் யோசனை: முதல் வருடத்துக்கு .308 அல்லது 6.5 கிரீட்மோரில் ஒரு மலிவு போல்ட் ஆக்‌ஷன். ஐந்நூறு டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும், மிச்சப் பணம் ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் பூட்ஸுக்கும். கட்டித்தான் ஆவேன் என்றால் 18 அங்குலக் கிரெண்டல், மெல்லிய பேரல், நல்ல ட்ரிகர், மானுக்கு மட்டும். எதுவானாலும் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் துணியும், அதே நிறத் தொப்பியும் கொலராடோவில் கட்டாயம்.

இனி ஊர் விஷயம். அந்தத் துப்பாக்கி இங்கே வராது. ஆயுத விதிகளின்படி செமி ஆட்டோ ரைஃபிள் தடை செய்யப்பட்ட வகை, கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிற உரிமத்தில் அது அடங்காது. .308-ன் அளவும் 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவோடு ஒத்துப்போவதால் போல்ட் ஆக்‌ஷனாக இருந்தாலும் அதே தடைதான். இங்கே உரிமக்காரர்கள் வைத்திருக்கிற ரைஃபிள் .315, .30-06, .22 போன்றவை. அமெரிக்காவிலிருந்து வெளியே எடுத்துப்போகவே அந்த நாட்டு ஏற்றுமதி அனுமதி வேண்டும். ஊருக்கு வருமுன் அங்கேயே உரிமம் பெற்ற கடையில் விற்றுவிட்டு ரசீதோடு வரட்டும்.

துப்பாக்கி கிடைத்தாலும் பன்றியைச் சுட முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் அடக்கம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவுப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம், விவசாயி அல்ல. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் இல்லை. பாபநாசம், சிவந்திபுரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் மலையடிவாரத் தோட்டங்கள் பலவும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியே கிடப்பதால், சுடுகிற பேச்சுக்கே அங்கே இடம் குறைவு. அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கிற வெடி) வைப்பதும், லைன் கம்பியிலிருந்து நேரடியாகக் கரண்ட் இழுத்து வேலி கட்டுவதும் பன்றியோடு நிற்காது. யானை வாய் கிழியும், தண்ணீர் பாய்ச்சப் போன ஆள் சாவார்.

நடக்கிற வழி நஷ்ட ஈடுதான். பன்றி கிளறிய அன்றே வாழைக்கன்று சாய்ந்த இடத்தையும் குளம்புத் தடத்தையும் போட்டோ எடுத்து, பட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். விஏஓவிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். ஆள் வந்து பார்க்கும் வரை அந்தப் பாத்தியை உழுதுவிடாதீர்கள், புதுக் கன்றும் வைக்காதீர்கள்.